பன்னாட்டு உறவுப் பாடத்துல பெண்ணியத்துக்கு ஒரே ஒரு வாரம்: அசைன்மென்ட்டுக்கு உதவுங்க

தாம்வேபொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன்லேருந்து எழுதுறேன். 2021ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம் யுனிவர்சிட்டிக்குப் போறத நிறுத்திட்டேன், இப்ப ஆன்லைன்ல அரசியல் படிக்கிறேன். கிளாஸ் பாதி இங்கிலீஷ் பாதி பர்மீஸ், ஆனா மனசுக்குள்ள யோசனை ஓடுறது தமிழ்லதான், அதான் இங்க வந்து கேக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

இந்த செமஸ்டர்ல பன்னாட்டு உறவுக் கோட்பாடுன்னு ஒரு பாடம். மொத்தம் 12 வாரம். ரியலிசம் மூணு வாரம், லிபரலிசம் ரெண்டு வாரம், அப்படியே போய் பத்தாவது வாரத்துல பெண்ணியம்னு ஒண்ணு வருது, அதுவும் ஒரே வாரம், அதுலயும் எங்க சயா, அதான் வாத்தியார், "நேரம் இருந்தா படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது"ன்னுட்டார். எனக்கு சுருக்குன்னுச்சு. அந்த வேகத்துலயே அசைன்மென்ட்டுக்கு அதையே எடுத்துட்டேன், நாடு பர்மா. இப்ப மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

முதல் பிரச்சனை எங்க அப்பா. சாப்பிடும்போது சொன்னேன், உடனே "நம்ம நாட்டுல வெளியுறவு மந்திரியே ஒரு பொம்பளையாத்தானே இருந்தாங்க 2016லேருந்து, அப்புறம் என்ன உங்களுக்கு தனியா பெண்ணியம்"னு கேட்டார். எனக்கு பதில் வரல. சோறு தொண்டையில நின்னுடுச்சு.

ரெண்டாவது, என்கூட படிக்கிறவங்க எல்லாருமே இந்த தியரின்னா "பொம்பளைங்க ஆட்சிக்கு வந்தா சண்டை வராது"ன்னு சொல்ற தியரின்னு நினைக்கிறாங்க. அப்படித்தானா? அப்படின்னா எனக்கே நம்பிக்கை இல்ல.

மூணாவதுதான் முக்கியமா கேக்க நினைச்சது. எங்க அப்பத்தாவோட அக்கா 1964ல கப்பல் ஏறி மெட்ராஸ் போனவங்க, மொகல் தெருவுல இருந்த அவங்க வீட்டுக்காரரு துணிக்கடைய அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அப்பத்தா மட்டும் இங்கேயே தங்கிட்டாங்க. தாத்தா வேலையில்லாம திண்ணையில உக்காந்திருந்த அந்த ரெண்டு வருசமும் அப்பத்தா இடியாப்பம் அவிச்சு வித்துத்தான் அஞ்சு பிள்ளைய வளர்த்தாங்க. "கடைய எடுத்துக்கிட்டாங்க, அடுப்ப எடுக்க முடியலயே"ன்னு இன்னிக்கும் சொல்வாங்க. இது பன்னாட்டு உறவா, இல்ல வெறும் வீட்டுக் கதையா? இத எழுதினா சயா வெட்டிடுவாரோன்னு பயமா இருக்கு.

மோல்மேன்வாசி:

மகளே, நீ படிக்கிறத நினைச்சா சந்தோசமா இருக்கு. நான் 30 வருசம் டியூசன் எடுத்தவன், ஒளிவுமறைவில்லாம என் மனசுல பட்டத சொல்றேன், கோவிச்சுக்காத.

நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல நடக்கறது ஒண்ணே ஒண்ணுதான், வல்லான் வகுத்ததே வாய்க்கால். இதத்தான் ரியலிசம்ங்கறாங்க. மார்கெந்தாவ்னு ஒருத்தர் 1948ல எழுதினதுலேருந்து, வால்ட்ஸ் 1979ல எழுதினது வரைக்கும் சுத்திச் சுத்தி அதேதான். மேல கேக்கறதுக்கு ஒரு போலீஸ் கிடையாது, அவனவன் பலத்த அவனவன் பாத்துக்கணும். அதுக்கும் முந்தி கிரேக்கத்துல மெலோஸ் தீவுக்காரங்ககிட்ட ஏதென்ஸ்காரன் சொன்னதும் இதுதான், பலம் இருக்கவன் முடிஞ்சத செய்வான், இல்லாதவன் பட்டுத்தான் ஆகணும்னு. நம்ம நாட்டைப் பாரு, ஒரு பக்கம் சீனா ஒரு பக்கம் இந்தியா, நடுவுல நாம. 1962ல ராணுவம் வந்துச்சு, 64ல கடையெல்லாம் போச்சு, எங்க அப்பா கடையும் போச்சு, பக்கத்துல ஒரு விதவையம்மா வச்சிருந்த மளிகைக் கடையும் போச்சு. ஆம்பள பொம்பளன்னு யாரும் பாக்கல. இதுல ஜெண்டர் எங்க வந்துச்சு? உங்க அப்பத்தா கதை கண்ணுல தண்ணி வரவைக்குது, ஆனா அது குடும்பக் கதை. வீட்டுக் கதைய வீட்டுல சொல்லலாம், பாடத்துல பாடத்த எழுது, மார்க் வரும்.

வகுப்பறைஜன்னல்:

தங்கச்சி, நான் இந்தப் பாடத்தையே பர்மீஸ்ல பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றவ. ராத்திரி கரண்ட் வந்ததும் உக்காந்து எழுதுறேன், பாதியில நின்னா நாளைக்குத் தொடருவேன்.

சிந்தியா என்லோன்னு ஒரு அம்மா 1989ல வாழைப்பழம், கடற்கரை, ராணுவத் தளம்னு மூணையும் தலைப்புல வச்சு ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிசு: இதுல பொம்பளைங்க எங்க? தூதரோட பொண்டாட்டி சம்பளமே வாங்காம விருந்து வச்சு அந்த நாட்டோட உறவ காப்பாத்துறா, ராணுவத் தளத்தச் சுத்தி ஒரு ஊரே பொம்பளைங்க உழைப்புல நிக்குது, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவ அனுப்புற காசுல அவ அரசாங்கம் கடன் கட்டுது. இவ்வளவும் இல்லாம அந்த "நாடு"ங்கற ஒண்ணு ஒரு நாள் நிக்குமான்னு கேக்கறாங்க. அதனால உன் மூணாவது கேள்விக்கு பதில், ஆமா, உங்க அப்பத்தாவோட இடியாப்பச் சட்டி பன்னாட்டு உறவுதான். அந்த வருசங்கள்ல ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பிப் போனாங்கன்னு புத்தகத்துல இருக்கும், டெல்லிக்கும் ரங்கோனுக்கும் என்ன பேச்சு நடந்துச்சு, எத்தனை கப்பல் வந்துச்சு எல்லாம் இருக்கும். தங்கினவங்க எப்படிப் பிழைச்சாங்கங்கற கணக்கு எந்த ஃபைல்லயும் இருக்காது, ஏன்னா அந்தக் கணக்க வச்சிருந்தது அடுப்படி. நாட்டோட முடிவு ஒண்ணு, அதோட சுமை யார் தலையில எறங்குச்சுங்கறது இன்னொண்ணு. ரெண்டாவத விட்டுட்டு முதலாவத மட்டும் படிச்சா பாதிதான் தெரியும்.

இப்ப உங்க அப்பா கேட்டது. நல்ல கேள்வி, அத அசைன்மென்ட்டோட முதல் வரியாவே வை. 2016 மந்திரிசபையில ஆங் சான் சூச்சி அம்மா ஒருத்தங்கதான் பொம்பள. வெளியுறவு அவங்க கையில. 2011ல ஒரு மாநாட்டுக்கு அனுப்பின வீடியோவுல அவங்களே சொல்லியிருக்காங்க, எங்க நாட்டுல பலாத்காரத்த ஆயுதமா பயன்படுத்துறாங்கன்னு. அதே 2016 டிசம்பர்ல ரக்கைன் மாநிலத்துலேருந்து ரோஹிங்யா முஸ்லிம் பொம்பளைங்க அதே மாதிரி புகார் சொன்னப்ப, அவங்க அலுவலகத்தோட தகவல் பக்கத்துலயே "போலி பலாத்காரம்"னு போட்டாங்க. 2019 டிசம்பர்ல காம்பியா போட்ட இனப்படுகொலை வழக்குக்கு ஹேக் நகரத்து கோர்ட்டுல நம்ம நாட்டுக்காக நேர்ல போய் நின்னதும் அவங்கதான். நான் அவங்க படத்த பர்ஸுக்குள்ள வச்சிருந்தவ, 88 போராட்டத்துலயே எங்க அம்மா எங்கள தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குப் போனவங்க, இத எழுதறப்ப எனக்கு இன்னும் வலிக்குது. ஆனா பெண்ணியம் சொல்றது இதுதான், நாற்காலியில யார் உக்காந்திருக்கான்னு மட்டும் பாக்காத, அந்த நாற்காலி யாரோட அளவுக்கு செஞ்சதுன்னும் பாரு. 2008 அரசியலமைப்புல ராணுவத்துக்கு பார்லிமென்ட்ல 25 சதவீத இடம் எழுதி வச்சாச்சு, பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூணு மந்திரி பதவியும் ராணுவத் தளபதி கையில. 352வது பிரிவ எடுத்துப் படி, அரசு வேலையில ஆண்பெண் பாகுபாடு கூடாதுன்னு சொல்லிட்டு, கூடவே ஆம்பளைக்கு மட்டுமே பொருத்தமான பதவிக்கு ஆம்பளைய நியமிக்க தடை இல்லன்னு ஒரு வரி. எது "ஆம்பளைக்கு மட்டும் பொருத்தம்"? யார் முடிவு பண்றது? அந்த ஒரு வரியில ரெண்டு பக்கம் எழுதலாம்.

பொம்பளைன்னா சமாதானம்ங்கறத இந்தத் துறையிலயே நிறைய பேர் ஒத்துக்கல. 1998ல ஃபுகுயாமான்னு ஒரு அமெரிக்க அரசியல் அறிஞர் கிட்டத்தட்ட அப்படி ஒரு கட்டுரை எழுதினார், மறு வருசமே ஆன் டிக்னர்னு ஒரு பெண்ணிய அறிஞர் அதுக்கு மறுப்பு எழுதினாங்க. பொம்பளைய சமாதானத்தோட சேத்து கட்டினா, கூடவே அவ அரசியலுக்கு ஆகமாட்டாங்கறதும் சேந்து வந்துடும்னு. எல்ஷ்டெய்ன்னு இன்னொருத்தங்க 1987லயே சொன்னாங்க, போர்க் கதையில ஆம்பளைக்கு தர்மவீரன் வேசம், பொம்பளைக்கு அழகான ஆத்மா வேசம், ரெண்டு வேசமும் ஒண்ண ஒண்ணு தாங்கிக்கிட்டுத்தான் போரே நடக்குதுன்னு. இது நமக்கு புதுசா என்ன? புறநானூத்துல ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. அப்பனும் புருசனும் போன களத்துக்கு ஒரே பையன தலையில எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டி கட்டி, கையில வேல குடுத்து அனுப்புறா ஒரு தாய். அந்தத் தாய் இல்லாம அந்தப் போர் இல்ல. எண்ணெய் தடவுற அந்தக் கையையும் சேத்து பாக்கறதுதான் இந்த தியரி. அப்புறம் நேதாஜியோட ஜான்சி ராணி படை, 1943ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது, மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க எத்தனையோ பேர் அதுல சேந்து துப்பாக்கி தூக்கினாங்க, நம்ம ரங்கோன்லயே முகாம் இருந்துச்சு. அவங்கள தர்மவீரனா, அழகான ஆத்மாவா, எந்தப் பெட்டியில போடுவ?

மோல்மேன் ஐயா சொன்னதுக்கு ரெண்டு வார்த்தை, மரியாதையோட. மார்கெந்தாவ் அரசியலுக்கு ஆறு விதி சொன்னார் இல்லையா, டிக்னர் 1988ல அந்த ஆறையும் ஒண்ணொண்ணா எடுத்து திருப்பி எழுதிக் காட்டினாங்க. அவர தப்புன்னு தூக்கிப் போடல, பாதி மனுச சுபாவத்த எடுத்துக்கிட்டு முழுசுன்னு சொல்லிட்டார்னாங்க. அதிகாரம்னா இன்னொருத்தன அடக்கறது மட்டும்தானா, சேந்து ஒரு காரியத்த செய்ய முடியறதும் அதிகாரம் இல்லையான்னாங்க. எல்லாரும் எல்லாரோடயும் சண்டை போடறதா ஹாப்ஸ்ங்கற இங்கிலாந்து தத்துவஞானி சொன்ன காட்டு நிலைமையில பிள்ளைய யார் பெத்து யார் வளர்த்தா, அப்படியே இருந்திருந்தா ஒரு தலைமுறையோட மனுச இனமே முடிஞ்சிருக்குமேன்னும் கேட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி அது.

ஐயா, மெலோஸ் கதைய நீங்க ஏதென்ஸ்காரன் வசனத்தோட நிறுத்திட்டீங்க. அதுக்கு அப்புறமும் கதை இருக்கு. தீவ பிடிச்சதும் வயசு வந்த ஆம்பளைங்கள வெட்டிட்டு, பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் அடிமையா வித்தாங்க. அந்தக் கடைசி வரிய எந்த வகுப்புலயும் யாரும் நின்னு படிக்கறதில்ல. "இல்லாதவன் பட்டுத்தான் ஆகணும்"ங்கறதுல யார் எப்படிப் பட்டாங்கங்கறது அங்கதான் இருக்கு.

கரண்ட் போகப் போகுது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கேரல் கோன்னு ஒருத்தங்க 1984 கோடைகாலத்துல அமெரிக்காவுல அணுகுண்டு வியூகம் வகுக்கறவங்களோட உக்காந்து பாடம் கேட்டாங்க. அந்த ஆளுங்க பேச்சுல சாவுங்கற சொல்லே வராது, எல்லாத்துக்கும் ஒரு சுத்தமான பேர். அந்த பாஷைய கத்துக்கக் கத்துக்க தனக்கே மனுசங்களப் பத்தி பேச வரலன்னு எழுதினாங்க. இங்க ராணுவ அறிக்கையில "பகுதி துப்புரவு நடவடிக்கை"ன்னு வரும் பாரு, 2017ல 7 லட்சத்துக்கும் மேல ரோஹிங்யா ஜனங்க பங்களாதேசுக்கு ஓடினதுக்கு வச்ச பேர் அதுதான். துப்புரவு! அந்த ஒரு சொல்ல வச்சே

வகுப்பறைஜன்னல்:

(போயிடுச்சு, இப்பதான் வந்தது.) அந்த ஒரு சொல்ல வச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம்னு சொல்ல வந்தேன்.

நூல்கண்டு:

அக்கா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நான் புத்தகம் படிச்சவ இல்ல, யாங்கோன்ல லைன்தாயா ஃபேக்டரிப் பகுதியில தையல் மிசின்ல 11 வருசம் உக்காந்தவ, இப்ப தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்ல இருக்கேன். என் பங்குக்கு ரெண்டு விசயம் சொல்றேன் தங்கச்சி, உனக்கு உதவுமான்னு பாரு.

மொதல்ல தடை. 2003ல அமெரிக்கா பர்மா சாமான் வாங்கறதில்லன்னு சட்டம் போட்டுச்சு. ராணுவத்துக்கு வலிக்கணும்னு போட்டது, நியாயமான கோவம்தான். ஆனா மூடினது தையல் ஃபேக்டரிங்க. பல்லாயிரம் பொண்ணுங்க, முக்கால்வாசி பேர் டெல்டா பக்கத்துலேருந்தும் பகோ பக்கத்துலேருந்தும் வந்தவங்க, ஒரே மாசத்துல மூட்டையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. எங்க சித்தி அதுல ஒருத்தங்க. ஊருக்குத் திரும்பினா கடன்காரன், இங்க இருந்தா வாடகை. அவங்ககூட இருந்த சில பொண்ணுங்க எங்க போனாங்கன்னு சித்தி சொல்லவே மாட்டாங்க, பேச்ச மாத்திடுவாங்க. தடை போடும்போது மேப்ல ஒரு நாடுதான தெரியும், மிசின்ல உக்காந்திருக்கவ தெரியமாட்டா. 2021லயும் ஐரோப்பாக்காரங்க வரிச் சலுகைய நிறுத்தணுமா வேணாமான்னு பேச்சு வந்தப்ப எங்க பொண்ணுங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. "நிறுத்தட்டும், அந்த டாலர் அவனுக்குத்தான் போகுது"ன்னு ஒருத்தி, "என் நாள் கூலி 4,800 கியாட் போனா எங்க அம்மா மருந்துக்கு யார் தருவா"ன்னு இன்னொருத்தி. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல படுக்கறவங்க. யார் சரின்னு என்னால இன்னிக்கும் சொல்ல முடியல.

அடுத்தது தமெய்ன், இங்க பொம்பளைங்க இடுப்புல கட்டற லுங்கி. 2021 பிப்ரவரி 6ம் தேதி யாங்கோன்ல ரோட்டுல மொதல்ல எறங்கினதுல தையல் பொண்ணுங்க கூட்டம் முன்னாடி இருந்துச்சு, நானும் இருந்தேன், அத பெருமையா சொல்லிக்குவேன். மார்ச் மாசம் சுட ஆரம்பிச்சதும் தெருவுக்குத் தெரு கயிறு கட்டி பொம்பளைங்க கட்டின தமெய்ன தலைக்கு மேல தொங்கவிட்டோம். பர்மியக்காரங்க நம்பிக்கையில ஆம்பளைக்குள்ள பிறப்புலயே ஒரு மகிமை இருக்கு, பொம்பள கட்டின துணிக்குக் கீழ போனா அது போயிடும். நான் என் கண்ணால பாத்தேன், துப்பாக்கியும் கேடயமும் வச்சிருக்கவன் கயித்துக்கு முன்னாடி வந்து அப்படியே நிக்கிறான். ஒருத்தன் கம்பு எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணா தள்ளி விடறான், கையால தொடல. நான் தொங்கவிட்டது பச்சைல பூப்போட்டது, அம்மா தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது. அது கீழ விழறதுக்கு ஆன நேரத்துல பின் சந்து வழியா இருபது முப்பது பிள்ளைங்க ஓடித் தப்பிச்சாங்க.

நம்ம வீட்ல மட்டும் என்ன, பொம்பளத் துணிய வாசல் கொடியில போடாத, பின்னாடி போடுன்னு சொல்லித்தான வளர்த்தாங்க. அன்னிக்கு அந்த பின்கொடி நடுத்தெருவுக்கு வந்துச்சு. எங்கள்லயே ஒரு அக்கா கேட்டாங்க, இத வச்சு தடுத்தா நம்ம துணி தீட்டுங்கறத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதான்னு. அந்தக் கேள்வியும் சரிதான். ஆனா குண்டு வர்ற நேரத்துல கையில எது இருக்கோ அதத்தான எடுக்க முடியும்.

மோல்மேன்வாசி:

நூல்கண்டு அம்மா, நீங்க எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். மெலோஸ் கடைசி வரியும் உண்மைதான், நான் 30 வருசமா அந்த வசனத்த மட்டும்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், அதுக்கு மேல போனதில்ல.

ஆனாலும் ஒரு விசயத்துல நான் அசையல. கயிறு ஒரு பத்து நிமிசம் நிறுத்துச்சு. அப்புறம் சுட்டான். கடைசியில முடிவு பண்றது எவன்கிட்ட ஆயுதம் இருக்குங்கறதுதான். 2024 பிப்ரவரில கட்டாய ராணுவ சேவைன்னு அறிவிச்சாங்க, ஆம்பளைக்கு 18லேருந்து 35, பொம்பளைக்கு 18லேருந்து 27. எங்க தெருவுல நாலு பையங்க ராத்திரியோட ராத்திரியா தாய்லாந்துக்குப் போயிட்டாங்க. இத எந்த தியரி நிறுத்தும்?

எழுதும்போதே ஒண்ணு தோணுது, அதையும் சொல்லிடறேன். அந்த நாலு வீட்லயும் இப்ப கடையப் பாக்கறது, வார்டு ஆபீசுக்குப் போய் கையெழுத்துப் போடறது, பையன் எங்கன்னு கேட்டு வர்றவனுக்கு பதில் சொல்றது எல்லாமே அம்மாமாருங்கதான். ஒரு அம்மா ராத்திரி வாசல் கதவுக்குப் பின்னாடியே பாய் போட்டுப் படுக்குது. அத நான் "பாதுகாப்பு"ங்கற தலைப்புல நினைச்சுப் பாத்ததில்ல.

வகுப்பறைஜன்னல்:

ஐயா, ஆயுதம் முடிவு பண்ணாதுன்னு நானும் சொல்லல. அந்த ஆயுதத்த தூக்க ஒரு பையன் வேணும், அவன "ஆம்பளையா இரு"ன்னு சொல்லி அனுப்ப ஒரு ஊர் வேணும், ஓடினவனுக்கு பதிலா கதவுக்குப் பின்னாடி படுக்க ஒரு அம்மா வேணும். நீங்க பாத்த அந்தப் பாய்லேருந்துதான் இந்தத் துறைல இருக்கவங்க "யாருக்குப் பாதுகாப்பு"ன்னு கேக்க ஆரம்பிக்கறாங்க. நாட்டு எல்லை பத்திரமா இருக்கும், அதே நேரத்துல அந்த எல்லைக்குள்ள இருக்கவ தன் நாட்டு சிப்பாய்க்கே பயந்து காட்டுக்குள்ள படுத்திருப்பா. 2002ல ஷான் அமைப்புங்க ரெண்டு சேந்து வெளியிட்ட அறிக்கையில ராணுவத்துக்காரங்க செஞ்ச பலாத்காரம் 173 சம்பவம், 625 பொம்பளைங்க, சின்னப் பொண்ணுங்கன்னு பதிவாகியிருக்கு. அத எழுதினது அந்த ஜனங்களே, அதுல ஒண்ணு ஷான் பொம்பளைங்களோட அமைப்பு, வெளிநாட்டுப் பேராசிரியர் இல்ல. அதனால இது மேல்நாட்டு இறக்குமதின்னு உங்க சயா சொன்னா அத எடுத்துக் காட்டு தங்கச்சி.

மேல்நாட்டு தியரின்னு ஒரு குறை சொல்லவும் இடம் இருக்கு, அதையும் மறைக்காம எழுது. 2001ல ஆப்கானிஸ்தான் மேல போனப்ப அங்க பொம்பளைங்கள விடுவிக்கப் போறோம்னு ஒரு காரணமும் சொன்னாங்க. மூணாம் உலகப் பொம்பளன்னா எல்லாரும் ஒரே அச்சு, எல்லாரும் பாவம்னு எழுதறத சந்திரா மொஹந்தி 80கள்லயே கண்டிச்சு எழுதினாங்க. இங்கயே வெள்ளைக்காரன் பர்மியப் பொம்பளைக்கு எவ்வளவு சுதந்திரம் பாருன்னு புகழ்ந்து எழுதினான், அத வச்சு இந்தியப் பொம்பளைய மட்டம் தட்டினான், ஆட்சி மட்டும் அவன் கையிலயே இருந்துச்சு. இன்னிக்கும் சாய்க்தியோ புத்தக் கோயில் பொற்பாறைய பொம்பள கை தொடக் கூடாது.

ஐ.நா. 1325வது தீர்மானம் 2000 அக்டோபர்ல வந்தது, சமாதானப் பேச்சுல பொம்பளைங்களுக்கு இடம் வேணும்னு. ஸ்வீடன் 2014ல பெண்ணிய வெளியுறவுக் கொள்கைன்னே பேர் வச்சாங்க, 2022ல ஆட்சி மாறினதும் அந்தப் பேர விட்டுட்டாங்க. அதெல்லாம் ஒரு பத்தியில முடிச்சிடு, அதுக்கு மேல வேணாம்.

பெகுக்காரி:

நான் சும்மா படிச்சிட்டுப் போறவ, ஆனா இதுல ஒண்ணு சொல்லாம போக மனசு வரல. எங்க அம்மா பர்மியர், புத்த மதம். அப்பா தமிழர். 80கள்ல கல்யாணம், ரெண்டு வீட்லயும் ஒரு வாரம் அழுகை, அப்புறம் எல்லாம் சரியாச்சு. 2015ல இங்க ஒரு சட்டம் வந்துச்சு, புத்த மதத்துப் பொண்ணு வேற மதத்து ஆளக் கட்டினா அத தனியா பதியணும், 14 நாள் நோட்டீஸ் ஒட்டணும், யார் வேணா ஆட்சேபம் சொல்லலாம். புத்த மதத்து ஆம்பள வேற மதத்துப் பொண்ணக் கட்டினா அப்படி ஒரு நோட்டீஸ் கிடையாது. அந்த நோட்டீஸ் எங்க அம்மா காலத்துல இருந்திருந்தா நான் பொறந்திருப்பேனான்னு யோசிச்சிருக்கேன்.

இது எங்கேருந்து வருது? 1930கள்ல வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியார்ங்க கைக்கு கீழ்பர்மா நெல்லு நிலம் 6 சதவீதத்துலேருந்து 25 சதவீதத்துக்கு எட்டு வருசத்துல வந்துச்சு, நெல்லு விலை விழுந்து கடன் கட்ட முடியாம போன நிலம் அது. அந்தக் கோவம் "நிலத்த எடுத்தான்"ங்கறதோட நிக்கல, "நம்ம பொண்ண எடுத்தான்"னு போச்சு. நிலத்தையும் பொண்ணையும் ஒரே மூச்சுல சொன்னாங்க. காரைக்குடி பக்கம் ஆளுங்க மூணு வருசத் தவணைக்கு இங்க வந்து உக்காந்திருக்க, அங்க ஒரு ஆச்சி அவ்வளவு பெரிய வீட்ட தனியா கட்டி ஆண்டாங்க, இங்க டெல்டாவுல ஒரு பர்மிய அம்மா ஏலம் போன வயல பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரே கடன் பத்திரத்தோட ரெண்டு முனையில ரெண்டு பொம்பளைங்க. ஒருத்திக்கு ஒருத்தி இருக்கறதே தெரியாது. தங்கச்சி, நாட்டோட எல்லைக்கோடு மேப்ல மட்டும் இல்ல, எங்க அம்மா கல்யாணத்துலயும் ஒண்ணு போட்டாங்கன்னு முடிஞ்சா எழுது.

தாம்வேபொண்ணு:

அண்ணன் அக்கா ஐயா எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அப்பாகிட்ட 352வது பிரிவ படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவ திருப்பி படிக்கச் சொன்னார், பிறகு ஒண்ணும் சொல்லாம கண்ணாடிய கழட்டித் துடைச்சார்.

நேத்து ராத்திரி அப்பத்தாகிட்ட உக்காந்து கேட்டேன், அவங்க அக்கா கப்பல் ஏறின அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு. இத்தனை வருசமா கடை போன கதையத்தான் கேட்டிருக்கோம், கப்பல்துறைக் கதைய யாருமே கேட்டதில்லயாம். சோதனை போட்டவங்க நகைய கழட்டச் சொன்னாங்களாம். வளையல் வந்துடுச்சு, பெரியப்பத்தாவோட தோட்டுத் திருகு மட்டும் கழல மாட்டேன்னுச்சாம், கல்யாணத்தன்னிக்கு போட்டது, காதோட ஒட்டிப் போச்சு. சோப்புத் தண்ணி போட்டு திருகியிருக்காங்க. கழட்டினது ஒரு பர்மியப் பொண்ணு, சோதனைக்கு பொம்பள ஆள் வேணும்னு வேலைக்கு வச்சிருந்தாங்களாம், அப்பத்தாவுக்கு அவள அடையாளம் தெரிஞ்சிருக்கு, நம்ம தெருவுல மீன் கொண்டு வர்றவங்க மக. அவ கை நடுங்குச்சாம். தோட்ட எடுத்து தட்டுல போட்டுட்டு, காதுல ரத்தம் வந்த இடத்துல தன்னோட தமெய்ன் நுனிய வச்சு அமுக்கிப் பிடிச்சாளாம்.

வகுப்பறைஜன்னல் அக்கா, அந்தப் பொண்ண நான் எந்தப் பக்கம் வச்சு எழுதறது? அவ அரசாங்கமா, இல்ல அவளும் நம்ம பெரியப்பத்தா மாதிரி ஒருத்தியா? அவ பேர் அப்பத்தாவுக்கு நுனி நாக்குல நிக்குது, வரல. எங்க வீட்டுப் பக்கம் கரண்ட் நாளைக்கு மதியம்தான் வருமாம், போன் சார்ஜ் ஆனதும் அவங்க பேசறத முழுசா ரெக்கார்ட் பண்றேன்.